புது கோச் வந்திருக்கிறார்: முதல் பத்து ஆட்டங்களை எப்படிப் பார்ப்பது?

இருபது வருஷமாக ஒரே கால்பந்து கிளப்பின் பின்னால் போகிறேன். அதற்குள் ஏழு பயிற்சியாளர்களைப் பார்த்தாயிற்று. பழம் தின்று கொட்டை போட்டவர் ஒருவர் வருகிறார் என்று செய்தி வந்தால் எங்கள் வீட்டில் உடனே சண்டை தொடங்கிவிடும். "இவர் காலம் முடிஞ்சுபோச்சு" என்பான் அண்ணன். "அவர் வாங்கின கோப்பைகளைப் பார்" என்பேன் நான். இரண்டு பேருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

முதலில் கோப்பைப் பட்டியலை ஓரமாக வையுங்கள். அவர் கடைசியாகச் செய்த வேலையை எடுத்துக்கொண்டு, அங்கே அவருக்கு என்ன கிடைத்தது, எவ்வளவு நாள் கிடைத்தது என்று பாருங்கள். 2014 நவம்பரில் கிரீஸ் அணி சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்றது, அதன் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியின் வேலை போனது. அடுத்த ஜூலையில் இங்கிலாந்து கிளப்பான லெஸ்டர் சிட்டி அவரை அழைத்தபோது, அந்த ஊர்க்காரரும் முன்னாள் வீரருமான கேரி லினேக்கரே வெளிப்படையாக ஆச்சரியப்பட்டார். ஆனால் கிரீஸில் ரனியேரிக்குக் கிடைத்தவை நான்கே ஆட்டங்கள். தேசிய அணியின் பயிற்சியாளர் வீரர்களைக் கையில் பிடிப்பதே சில நாட்கள்தான். கிளப்பில் தினமும் பிடிக்கலாம். ஒரு வேலையின் தோல்வியை வைத்து இன்னொன்றை அளக்கவே முடியாது.

அவர் கைக்கு வரும் அணி எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். லெஸ்டர் அதற்கு முந்தைய சீசனின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பித்திருந்தது. ரனியேரி அங்கே ஏற்கெனவே இருந்த துணைப் பயிற்சியாளர்கள் ஸ்டீவ் வால்ஷ், கிரெய்க் ஷேக்ஸ்பியர் இருவரையும் தன்னோடு வைத்துக்கொண்டார். எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் அனுபவம் என்பேன். 2016 மே மாதம் லீக் பட்டம் லெஸ்டருக்குப் போனது.

அப்புறம், முதல் வெற்றியில் மயங்காதீர்கள். கிளப்புகள் பெரும்பாலும் அணி படுமோசமாக இருக்கும்போதுதான் கோச்சை மாற்றுகின்றன. அந்தப் பள்ளத்திலிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் புது ஆளிடம் பெயர் வாங்க உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். அது இரண்டு, மூன்று ஆட்டங்களுக்கு வரும்.

பயிற்சியாளரின் கை தெரிவது பந்து இல்லாத இடத்தில். டிவி கேமரா பந்தையே துரத்துவதால், முடிந்தால் ஒரு ஆட்டத்தையாவது மைதானத்தில் மேல் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நான் ஒரு சின்ன நோட்டு கொண்டுபோவேன். பந்து பறிபோன அடுத்த ஐந்து நொடியில் எத்தனை பேர் அதை நோக்கி ஓடுகிறார்கள், எத்தனை பேர் பின்வாங்குகிறார்கள் என்று எழுதுவேன். கோல் கிக்கை கோல்கீப்பர் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுக்கிறாரா, நீளமாக அடிக்கிறாரா? கடைசித் தற்காப்பு வரிசை பெனால்டி பெட்டியை ஒட்டி நிற்கிறதா, நடுக்கோட்டை நோக்கி ஏறி வருகிறதா? பயிற்சியாளர் உனாய் எமெரி 2022 நவம்பரில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு வந்த பிறகு அந்த வரிசை ஏறி நிற்கத் தொடங்கியது, எதிரணிக்காரர்கள் அந்த வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கப் போய் ஆஃப்சைடில் மாட்டினார்கள். அவர் வந்தபோது லீக் பட்டியலின் கீழ்ப்பகுதியில் தவித்த அணி, சீசன் முடிவில் ஏழாவது.

இவை ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால், தோற்றிருந்தாலும் பொறுத்திருங்கள். வாராவாரம் வேறு வேறாக இருந்தால், ஜெயித்திருந்தாலும் எனக்குக் கவலை வரும்.

புதுப் பழக்கம் கோல்களை வாங்கிக் கொடுக்கும் முன் கோல்களை விடவும் வைக்கும். பெப் குவார்தியோலா 2016-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததும், காலால் நன்றாகப் பந்தை ஆடும் கோல்கீப்பர் வேண்டும் என்று ஜோ ஹார்ட்டை ஒதுக்கினார். வந்த கிளாடியோ பிராவோ தடுமாறினார், அந்த சீசனில் ஒரு கோப்பையும் இல்லை. பெப் முறையை விடவில்லை, கோல்கீப்பரை மாற்றி எடர்சனைக் கொண்டுவந்தார். அடுத்த சீசனில் 100 புள்ளிகளோடு லீக் பட்டம்.

கூச்சல் போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளப்பில் அனுபவமான ஒருவருக்கு நான்காவது தோல்வி. மைதானமே "வெளியே போ" என்று கத்தியது, நானும் கத்தினேன். எங்கள் இடது பக்கத் தற்காப்பில் ஒரு பையன், அப்போதுதான் அணிக்கு வந்தவன். அதற்கப்புறம் முன்னால் பாஸ் கொடுக்கவே பயந்து, பந்து வரும்போதெல்லாம் கோல்கீப்பருக்கே திருப்பிக் கொடுத்தான். கோச் போனார், புதியவர் வந்தார், அதே தற்காப்பு அதே மாதிரி கோல் விட்டது. அன்று கத்தியது இன்னும் எனக்கு வலிக்கிறது. கோபம் இருந்தால் ஆட்டம் முடிந்தபின் காட்டுங்கள். பந்து ஓடும்போது வேண்டாம்.

கணக்குக்கு ஒரு நாள் குறியுங்கள். எனக்குப் பத்தாவது லீக் ஆட்டம். அதற்குள் பலமான எதிரணி, பலவீனமான எதிரணி, சொந்த மைதானம், வெளி மைதானம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். அதுவரை அண்ணனோடு வாதம் கிடையாது, நோட்டு மட்டும்.

இப்போதைய கோச்சுக்கு இதுவரை ஆறு ஆட்டங்கள். பந்து பறிபோனதும் துரத்துபவர்கள் முதல் ஆட்டத்தில் இரண்டு பேர், போன வாரம் நான்கு. தோல்விதான். நோட்டில் அந்தப் பக்கத்தை அண்ணனிடம் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.