ஆறிய குழலின் முதல் குண்டு: காவிரிப் படுகையில் ரைஃபிள் பழகுவோருக்கு

ரைஃபிள் பயிற்சியில் பத்துக் குண்டுகள் நெருக்கமாக விழுந்த அட்டையைப் பத்திரப்படுத்துகிறவர்கள், அந்தப் பத்துக்கும் முன்னால் ஆறிய குழலிலிருந்து புறப்பட்ட முதல் குண்டு எங்கே போனது என்பதைப் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. 50 மீட்டர் போட்டிகளில் மதிப்பெண் தொடங்குவதற்கு முன் சோதனைக் குண்டுகள் சுட அனுமதி உண்டு என்பதால், முதல் குண்டின் பிழை அவற்றோடு கலந்து மறைந்துவிடுகிறது. ஆனால் துப்பாக்கியின் நிலையையும் சுடுபவரின் நிலையையும் ஒருசேரக் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு குண்டுதான்.

வேட்டைக்கு உரிமம் வழங்கும் நாடுகளில், ஆறிய குழலின் முதல் குண்டு எவ்வளவு தொலைவு வரை தவறாமல் இலக்கில் விழுகிறதோ அதற்கு மேல் சுடுவதில்லை என்று பொறுப்புள்ள வேட்டைக்காரர்கள் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கோடியக்கரையின் வெளிமானுக்கு மட்டுமன்றி வயலில் புகும் காட்டுப்பன்றிக்கும் பாதுகாப்பு உண்டு. பயிர் சேதமானால் வனத்துறையிடம் முறையிடுவதே வழி. ஆகவே இங்கே சொல்பவை அட்டை இலக்குக்கு உரியவை.

படுகை முழுவதும் சமநிலம் என்பதையும் மறக்கக் கூடாது. .22 (0.22 அங்குல விட்ட) குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லக்கூடியது. அதைத் தடுத்து நிறுத்த இங்கே குன்று எதுவும் இல்லை. உரிய மண்மேடு உள்ள, அனுமதி பெற்ற சுடுதளத்தைத் தவிர வேறெங்கும், அது சொந்தத் தென்னந்தோப்பாகவே இருந்தாலும், சுடக் கூடாது.

முதல் வேலை, முதல் குண்டுக்கென்று தனி அட்டை ஒன்றை ஒதுக்குவது. தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அந்த அட்டையில் ஒரே ஒரு குண்டு சுட்டு, துளையின் அருகே தேதியை எழுதிவிட்டு, அட்டையைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மற்ற குண்டுகளை வேறு அட்டையில் சுடலாம். ஒரு நாள் துளையை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அட்டையில் துளைகள் சேரச் சேரத்தான் அது பேசத் தொடங்கும். முதல் குண்டுகள் எல்லாம் வழக்கமான குரூப்புக்கு (மற்ற குண்டுகள் சேர்ந்து விழும் இடத்துக்கு) மேலேயோ ஒரு பக்கமாகவோ, ஆனால் ஒன்றுக்கொன்று அருகிலேயே விழுந்திருந்தால், காரணம் பெரும்பாலும் துப்பாக்கியில் இருக்கிறது. நாலாபக்கமும் சிதறியிருந்தால் காரணம் பெரும்பாலும் சுடுபவரிடம் இருக்கிறது.

இதை உறுதிப்படுத்த, விசை விடுபட்ட கணத்தில் குறி எங்கே நின்றது என்பதை, துளையைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிப் பழக வேண்டும். குறி இடப்பக்கம் நகர்ந்திருந்ததாக நீங்கள் சொல்லி, துளையும் இடப்பக்கமே இருந்தால் கை செய்த பிழை அது. குறி நடுவில் நின்றும் துளை மேலே இருந்தால் குழலையோ தோட்டாவையோ காற்றையோ விசாரிக்க வேண்டும்.

துப்பாக்கிப் பக்கத்துக் காரணங்களில் நம் ஊரில் முதலிடம் எண்ணெய்க்கே. ஐப்பசி, கார்த்திகை மழையில் துருவுக்கு அஞ்சி எல்லோரும் குழலுக்குள் தாராளமாக எண்ணெய் விடுகிறோம்; அது சரிதான். அந்த எண்ணெயோடு சுடுவதுதான் தவறு. தளத்துக்குப் போனதும், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பருத்தித் துணித்துண்டைப் பின்பக்கத்திலிருந்து செலுத்தி, துண்டு உலர்ந்து வெளிவரும் வரை துடைக்க வேண்டும். அதேசமயம் .22 குழலை அடிக்கடி கரைப்பான் ஊற்றிப் பளபளவென்று கழுவுவதும் நல்லதல்ல. தோட்டாவின் மெழுகு உட்சுவரில் மீண்டும் சீராகப் படியும் வரை குண்டுகள் நிலைகொள்ளாது. மரக்கட்டை உள்ள துப்பாக்கிகளில் ஈரத்தால் மரம் உப்பி, குழல் அமர்ந்திருக்கும் அழுத்தம் மாறலாம் என்பதால், மழைக்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனி அட்டை வைப்பது நல்லது.

ஏசி காரிலிருந்து இறக்கியவுடன் சுடவும் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் நம் காற்றின் ஈரம் படிந்து ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) மூடிவிடும். உறையைத் திறந்து, நிழலில் அரை மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். தோட்டாப் பெட்டியும் நிழலிலேயே இருக்கட்டும். வெயிலில் சூடேறிய வெடிமருந்து வேகமாக எரிந்து குண்டின் வேகத்தை மாற்றும்.

சுடுபவரைப் பொறுத்தவரை, படுத்த நிலையில் குறி வைத்தபின் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யாமல், துப்பாக்கியைத் தாங்கும் முழங்கையை ஊன்றியபடி இடுப்பை நகர்த்தி, உடல் தானாகவே இலக்கை நோக்கும் வரை மாற்றிக்கொள்ள வேண்டும். தசையின் பலத்தில் பிடித்து நிறுத்திய குறி விசை விடுபடும் கணத்தில் நழுவிவிடும். அதன்பின் டிரை ஃபயர் முறையில், தோட்டா இல்லாமல் பத்துப் பதினைந்து முறை விசையை இழுத்துப் பழகிவிட்டு முதல் தோட்டாவை ஏற்றலாம். சில .22 துப்பாக்கிகளில் வெறுமனே இழுப்பது தோட்டாவை அடிக்கும் ஊசியையும் தோட்டா அமரும் அறையின் விளிம்பையும் கெடுக்கும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டை முதலில் பார்த்துவிடுங்கள். இந்தப் பயிற்சிக்குப் பிறகு முதல் குண்டுகளின் சிதறல் அடங்கினால், ஆறியிருந்தது குழல் அல்ல, நீங்கள்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

எஞ்சுவது காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் நேர் குறுக்காக வீசும் காற்று, 50 மீட்டரில் .22 போட்டித் தோட்டாவைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிவிடும்; அந்த இலக்கின் பத்து மதிப்பெண் வட்டமோ 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான். சுடும் கோட்டுக்கு 30 பாகைச் சாய்வில் வந்தால் பாதி விளைவே இருக்கும். ஆடியில் மேல்காற்று நாள் முழுவதும் இழுத்தடிக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறி, காலையில் பார்த்த கணக்கைத் தலைகீழாக்குகிறது. முதல் குண்டுக்குத் திருத்திக்கொள்ள முந்தைய துளை எதுவும் இல்லாததால், தோட்டாவை ஏற்றும் முன் ஐந்து நிமிடமாவது தளத்தின் கொடிகளை மட்டும் பார்த்து, காற்று எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று கண்டு, அந்த நிலை திரும்பி வரும்போது மட்டும் சுட வேண்டும். அறுவடை முடிந்த அரிதாள் வயலை ஒட்டிய தளமானால் ஸ்கோப்பில் தெரியும் கானலும் உதவும்: ஒரு பக்கமாக ஓடினால் அந்தத் திசையில் காற்று இருக்கிறது, நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று ஓய்ந்திருக்கிறது அல்லது திசை மாறப்போகிறது, அப்போது பொறுத்திருங்கள். கொடியின் திசையையும் நேரத்தையும் அட்டையில் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடி மாதத்துத் துளைகளையும் தை மாதத்துத் துளைகளையும் ஒன்றாக எண்ணி, தேவையில்லாமல் ஸ்கோப்பைத் திருகுவீர்கள்.