பெண் பொறியியல் ஆய்வாளர்களுக்கான ஃபெலோஷிப்: முதல் விண்ணப்பத்தை எழுதுவது எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆய்வு நல்கை என்பது ஒரு திட்டத்துக்குக் கிடைக்கும் பணம். ஃபெலோஷிப் ஆளுக்குக் கிடைப்பது. அதனால் “இந்த ஆய்வு முக்கியமா?” என்பதோடு, “இதை ஏன் இவர் செய்ய வேண்டும்?” என்றும் கேட்பார்கள். பொறியியல்காரர்கள் முதல் கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டு, இரண்டாவதை ஒரே வரியில் முடித்துவிடுவோம். என் முதல் விண்ணப்பம் அப்படித்தான் இருந்தது. கிடைக்கவில்லை.

“பெண்களுக்கென்று தனியாக வைத்திருப்பதில் போட்டியிடுவதா, அது சலுகை மாதிரி ஆகிவிடாதா?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1995-இல் ஸ்வீடன் மருத்துவ ஆய்வு மன்றத்தின் போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்தபின் செய்யும் ஆய்வுப்பணி) ஃபெலோஷிப்புக்கு 62 ஆண்களும் 52 பெண்களும் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது 16 ஆண்களுக்கும் 4 பெண்களுக்கும். கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த மதிப்பெண் தாள்களைப் போராடி வாங்கி அலசினார்கள். ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண்ணுக்கு, வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பலம் சுமார் இரண்டரை மடங்கு தேவைப்பட்டிருக்கிறது என்று 1997-இல் எழுதினார்கள். துறை மருத்துவம்தான், ஆனாலும் இதைப் படித்த பிறகு எனக்குத் தயக்கம் போய்விட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

எல்லா ஃபெலோஷிப்பும் எல்லாருக்கும் இல்லை. சோன்டா இன்டர்நேஷனல் அமைப்பு 1938-இலிருந்து தரும் அமேலியா இயர்ஹார்ட் ஃபெலோஷிப், விண்வெளி மற்றும் விமானப் பொறியியலில் ஏற்கெனவே பிஎச்டி செய்துகொண்டிருக்கும் பெண்களுக்கானது. ஷ்லும்பெர்ஜே அறக்கட்டளை 2004-இல் தொடங்கிய ‘ஃபேகல்டி ஃபார் தி ஃப்யூச்சர்’, வளரும் நாடுகளின் பெண்கள் வெளிநாட்டில் பிஎச்டியோ போஸ்ட்டாக்கோ செய்ய உதவுவதற்காக வந்தது. படித்து முடித்துச் சொந்த நாட்டுக்குத் திரும்பி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அதில் உயிர்நாடியான கேள்வி. இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரிலிருந்து இயங்கும், வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கான ஓடபிள்யூஎஸ்டி (OWSD) அமைப்பு, பிஎச்டி முடித்துச் சொந்த நாட்டில் ஆய்வுக்குழுவை உருவாக்க நினைக்கும் பெண்களுக்கு 50,000 டாலர் வரை தருகிறது; ஆனால் தகுதியுள்ள நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் பாதி விண்ணப்பம் எழுதிவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

குடும்பத்துக்காகவோ உடல்நலத்துக்காகவோ ஆய்வை நிறுத்தியவர்களுக்கும் கதவு இருக்கிறது. பிரிட்டனின் டாஃப்னி ஜாக்சன் அறக்கட்டளை, குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விட்டவர்கள் பகுதிநேரமாக ஆய்வுக்குத் திரும்பவே நிதி ஏற்பாடு செய்கிறது. மற்ற இடங்களில் நாம் மறைக்கப் பார்க்கும் இடைவெளி, அங்கே தகுதி.

எதை எடுத்தாலும், இந்த ஆண்டு அறிவிப்பு திறந்திருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் பாதி பழசு.

2. ஆண்டுக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

“பிஎச்டி முடித்து 7 ஆண்டுக்குள்” என்று பார்த்தவுடனே பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அடிக்குறிப்பைப் படியுங்கள். மகப்பேறு, நீண்ட நோய், குடும்பத்தாரைப் பராமரித்தல் ஆகியவற்றுக்குப் பல திட்டங்கள் அவகாசம் நீட்டுகின்றன. ஒரு குழந்தைக்கு 18 மாதம் கூடுதல் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டம் 2017 மார்ச்சில் வாங்கினீர்கள் என்றால், சாதாரணக் கணக்கில் 2024 மார்ச்சோடு முடிந்துவிடும். ஒரு குழந்தை இருந்தால் 2025 செப்டம்பர். இரண்டு என்றால் 2027 மார்ச். மூன்று ஆண்டு வித்தியாசம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டம் வாங்கிய நாள் என்பது வாய்மொழித் தேர்வு நாளா, பட்டமளிப்பு விழா நாளா, சான்றிதழில் அச்சான நாளா? திட்டத்துக்குத் திட்டம் மாறும். சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன வேலை. கல்யாணத்துக்கு முன் ஒரு பெயரிலும், பின் வேறு பெயரிலும், இனிஷியல் முன்னும் பின்னுமாகவும் கட்டுரைகள் வந்திருந்தால், தேடுகிறவருக்கு உங்கள் பாதிதான் தெரியும். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்க்கிட் (ORCID) தளத்தில் இலவசமாகப் பதிந்து 16 இலக்க எண் ஒன்றை வாங்கி, எல்லாக் கட்டுரைகளையும் அதோடு சேர்த்துவிடுங்கள். பழைய பெயர்களையும் அதில் குறிப்பிடலாம்.

4. ஆய்வுத் திட்டம்: இங்கேதான் மூன்று வாரம் போகும்

உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் பொறியாளராக இருக்கலாம். ஆனால் உங்கள் உட்பிரிவைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார். கட்டுக்கட்டாகப் படித்துக் களைத்தும் போயிருப்பார். முதல் பத்தியிலேயே அவருக்குப் பிரச்சினை கண்முன் தெரிய வேண்டும்.

ஒரு தொடக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டில் குளோரைடு ஊடுருவலின் பல்நிலை மாதிரியாக்கம் குறித்த ஆய்வுகள் சமீப காலங்களில் முக்கியத்துவம் பெற்று வருகின்றன.” தப்பில்லை, ஆனால் இதைப் படித்து யாரும் நிமிர்ந்து உட்காரமாட்டார்கள். இப்படி மாற்றிப் பாருங்கள்: “கடலோரப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் உப்பு மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கிறது. விரிசல் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்கும் உணரியை உருவாக்குவதே என் திட்டம்.” சமன்பாடுகள் எங்கும் போய்விடவில்லை, இரண்டாம் பக்கத்தில் காத்திருக்கும்.

அடுத்தது ‘நாங்கள்’ நோய். ஆய்வுக் கட்டுரையில் “நாங்கள் அளந்தோம்”, “மாதிரி உருவாக்கப்பட்டது” என்று எழுதியே பழகிவிட்டோம். ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் அது காலை வாரிவிடும். நாங்கள் என்றால் யார்? கைடா, சீனியரா, நீங்களா? எழுதி முடித்ததும் ஒரு பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு ‘நாங்கள்’ மேலும் வட்டம் போடுங்கள். “நாங்கள் ஒரு சோதனை அமைப்பை உருவாக்கினோம்” என்பது, “ஐந்து பேர் குழுவில் மின்முனைகளை வடிவமைத்து அளவு திருத்தம் செய்தது நான்” என்று மாற வேண்டும். எழுதும்போது கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். அது பெருமையடிப்பு இல்லை, தகவல்.

அப்புறம் கால அட்டவணை. மூன்று மாதத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றின் முடிவிலும் கையில் என்ன இருக்கும் என்று போட்டால் போதும். உணரி வேலை செய்யாவிட்டால் மாற்று வழி என்ன என்பதையும் எழுதுங்கள். எல்லாம் திட்டப்படி நடக்கும் என்று எழுதினால், ஆய்வகத்தில் கால் வைத்த யாரும் நம்பமாட்டார்கள்.

5. பரிந்துரைக் கடிதம்

பெரிய பெயருக்கு ஆசைப்பட்டு, உங்களை இரண்டு தடவை பார்த்த பேராசிரியரிடம் போகாதீர்கள். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதும் அரைப் பக்கமே மேல்.

பிரான்சிஸ் ட்ரிக்ஸும் கேரலின் சென்காவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட கடிதங்களை அலசினார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குட்டையாக இருந்தன. கடின உழைப்பாளி என்ற வகைப் பாராட்டு அவற்றில் அதிகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கடிதத்தில் “புதிய அளவீட்டு முறையைக் கண்டுபிடித்தவர்” என்றிருந்தால் எது ஜெயிக்கும்?

கடிதம் கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள்: ஃபெலோஷிப் எதைத் தேடுகிறது, நீங்கள் அவரிடம் செய்த மூன்று வேலைகள், கடைசித் தேதி. அந்தத் தேதியை நான்கு நாள் முன்தள்ளிச் சொல்லுங்கள். ஒரு தடவை எனக்கு ஒரு கடிதம், தளம் மூடிய மறுநாள் காலை வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்டார், பாவம். அதற்கு மேல் அவர் என்ன செய்ய முடியும்?

6. செலவுக் கணக்கு

உதவித்தொகை, கருவி, பயணம் எல்லாம் அவர்கள் தரும் படிவத்திலேயே இருக்கும். ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: குழந்தை பராமரிப்புச் செலவைக் கேட்க முடியுமா? நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஜெர்மனியில் அமைத்த அறக்கட்டளை, தாய்மாரான இளம் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் ஆள் வைக்கவென்றே பணம் தருகிறது. படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்தால், கூச்சப்படாமல் நிரப்புங்கள்.

7. அனுப்பும் நாள்

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ‘நள்ளிரவு’ என்றால் எந்த ஊர் நள்ளிரவு என்று பாருங்கள். பதிவேற்றிய பிடிஎஃப்பைத் திரும்பப் பதிவிறக்கித் திறந்து, படங்களும் கிரேக்க எழுத்துகளும் சிதறாமல் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

கிடைக்கவில்லை என்ற மின்னஞ்சல் வந்தால், மதிப்பீட்டாளர் கருத்துகளைக் கேட்டு எழுதுங்கள். எல்லாரும் தரமாட்டார்கள், தந்தால் அன்றைக்கே படிக்காதீர்கள், ஒரு வாரம் கழித்துத் திறங்கள். எனக்கு வந்ததில் ஒரே ஒரு வரிதான் உருப்படியாக இருந்தது: “இதில் விண்ணப்பதாரரின் பங்கு எது என்று தெரியவில்லை.” அன்று வட்டம் போட உட்கார்ந்தபோது, நாலு பக்கத்தில் 31 ‘நாங்கள்’ இருந்தது.