ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம் வாங்க: முதல் கோட் அசிங்கமாகத்தான் இருக்கும்

நிறம் மங்கிய நாற்காலி, துருப்பிடித்த விளக்குத் தண்டு, பழைய படச்சட்டம் என்று எதையோ தூக்கிப்போட மனசில்லாமல் ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பா வாங்கி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் அடிக்கிற நேரம் இந்த வேலையில் ரொம்பக் குறைவு. கழுவுவது, தேய்ப்பது, காயக் காத்திருப்பது, இதுதான் வேலையே. புதிதாக அடிப்பவர்களுக்குச் சொதப்புவது பெரும்பாலும் முதல் கோட்டில்தான் (கோட் என்றால் ஒரு தடவை அடிக்கிற பூச்சு), ஏனென்றால் அந்த ஒரே கோட்டில் பழைய நிறம் முழுசாக மறைந்துவிட வேண்டும் என்று நினைத்து பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். மறையவே கூடாது. முதல் கோட் முடிந்ததும் பொருள் முன்பைவிட அசிங்கமாக, புள்ளி புள்ளியாக, அடி நிறம் தெரிகிற மாதிரி இருந்தால் சரியாக அடித்திருக்கிறீர்கள்.

முதலில் பொருள் என்ன என்று பாருங்கள்

மரம், இரும்பு, மண்தொட்டி, கண்ணாடி எல்லாவற்றிலும் அடிக்கலாம். பிளாஸ்டிக்தான் வம்பு. அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். அது 2, 4 அல்லது 5 என்றால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் வகை. அதன்மேல் பெயின்ட் ஒட்டுவதே கஷ்டம், நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வரும். அதற்கென்றே இருக்கிற பிளாஸ்டிக் பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கிற அடிப்பூச்சு) போட்டால் ஓரளவு பிடிக்கும், ஆனாலும் அடிக்கடி வளைகிற, உரசுகிற பொருள் என்றால் நான் அதில் கை வைக்கமாட்டேன். சாப்பாடு படுகிற தட்டு, டம்ளரின் உட்புறம், அடுப்பு பர்னர் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கழுவு, தேய், துடை

இந்த வரிசை மாறக்கூடாது. பாத்திரம் துலக்குகிற சோப்பும் வெந்நீரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை முதலில் எடுத்துவிட வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அந்த எண்ணெய் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அங்கே பெயின்ட் நிற்காது. மரச்சாமான்களுக்குப் போடுகிற பாலிஷில் சிலிக்கான் இருந்தால், அடித்த பெயின்ட் சின்னச் சின்ன வட்டமாக விலகிக் குழி விழும். அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் குழி குழிதான்.

நன்றாகக் காய்ந்த பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பழைய பெயின்ட்டை மொத்தமாக எடுக்க வேண்டாம், பளபளப்பு போய் மங்கலாக ஆனால் போதும். அந்த மெல்லிய கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் புது பெயின்ட் நிற்கும். துரு இருந்தால் கம்பி பிரஷ் வைத்து உதிர்வதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காயவிட்டு, அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் பிசுக்கும் பிசுக்குதான்.

இடமும் வானிலையும்

வெளியில், நிழலில், காற்று அதிகம் வீசாத நேரத்தில் அடிப்பது நல்லது. நேர் வெயிலில் பெயின்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும், மழைநாளில் காயவே காயாது, சில வகைகளில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை பரவாயில்லை.

பெரும்பாலான டப்பாக்களில் பெயின்ட்டை வெளியே தள்ளுவது புரொப்பேன், பியூட்டேன் போன்ற தீப்பற்றும் வாயுக்கள். அதனால் பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது. துணி மாஸ்க் பெயின்ட் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய மாஸ்க்தான் தடுக்கும். மூடிய அறைக்குள் மட்டும் அடிக்காதீர்கள்.

பிரைமர் வேண்டுமா?

வெறும் மரம், வெறும் உலோகம், பிளாஸ்டிக், அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம்: வேண்டும். ஏற்கெனவே பெயின்ட் அடித்து உறுதியாக இருக்கிற பரப்பு: நன்றாகத் தேய்த்திருந்தால் போதும்.

இப்போது அடிக்கலாம்

டப்பாவைக் குலுக்குங்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் குலுக்க வேண்டும், நடுநடுவேயும்தான். முதல் பீச்சலைப் பழைய அட்டையில் அடித்துப் பாருங்கள்.

தூரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். கிட்டே போனால் வழியும். தள்ளிப் போனால் பெயின்ட் காற்றிலேயே பாதி காய்ந்து பொடி மாதிரி வந்து ஒட்டும். பொருளுக்கு வெளியே பட்டனை அழுத்தத் தொடங்கி, பொருளைக் கடந்து, மறுபக்கம் வெளியே போன பிறகு விரலை எடுங்கள், ஏனென்றால் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான் சொட்டு விழும். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிசாகவும் வரும், எனவே முழுக்கையும் பக்கவாட்டில் நேராக நகரட்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். நாற்காலி, ஸ்டூல் என்றால் முதலில் தலைகீழாகக் கவிழ்த்துக் கால்களையும் அடிப்பக்கத்தையும் முடித்துவிடுங்கள்.

அடுத்த கோட் எப்போது என்பதை டப்பாவின் பின்பக்கம் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பல எனாமல் பெயின்ட்களில் "1 மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரம் கழித்து" என்கிற மாதிரி எழுதியிருக்கும். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அந்த இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும், புது கோட்டில் இருக்கிற கரைப்பான் அதற்குள் ஊறி, அடிக்கோட்டை உப்ப வைத்து முழுப் பரப்பையும் சுருக்கிவிடும். சுருங்கினால் வேறு வழியில்லை, நன்றாகக் காயவிட்டு, தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். லாக்கர் என்கிற, சீக்கிரம் காய்கிற பெயின்ட் வகையை எனாமலின் மேல் அடித்தாலும் இதே கதி ஆகலாம்.

மெலிசாக மூன்று, நான்கு கோட். அவ்வளவுதான்.

வழிந்துவிட்டால்?

கையை வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் சின்ன வழிசல் பெரிய தழும்பாகிவிடும். முழுசாகக் காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து அந்த மேட்டை மட்டும் சமமாக்கி, துடைத்து, மேலே ஒரு மெல்லிய கோட் அடித்தால் தெரியவே தெரியாது. தூசி ஒட்டியிருந்தாலும் இதே வைத்தியம்.

முடித்த பிறகு

தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதற்கும் பெயின்ட் உள்வரை இறுகிவிட்டது என்பதற்கும் நடுவில் பல நாள் இடைவெளி இருக்கும். எனாமல் என்றால் ஒரு வாரமாவது அதன்மேல் கனமான பொருளை வைக்காமல் இருங்கள், இல்லையென்றால் அடிப்பாகத்தின் அச்சு அப்படியே பதிந்துவிடும். பெயின்ட் படக்கூடாத இடங்களை மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், அதை மட்டும் அவ்வளவு நாள் விடக்கூடாது. கடைசி கோட் லேசாக இறுகியதுமே மெதுவாக, பின்பக்கமாக மடித்து உரித்துவிடுங்கள்.

டப்பாவில் மிச்சம் இருக்கிறதா? அதைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு மட்டும் வரும்வரை சில நொடி அழுத்தினால் பெயின்ட் பீய்ச்சுகிற துளை உள்ள நாசில் அடைக்காது. சாதாரண டப்பாக்களுக்கு இது சரி, எந்தக் கோணத்திலும் அடிக்கலாம் என்று போட்டிருக்கிற டப்பாக்களில் தலைகீழாகவும் பெயின்ட்தான் வரும். ஏற்கெனவே அடைத்திருந்தால் நாசிலைக் கழற்றித் தின்னரில் ஊறவையுங்கள், ஊசியை டப்பாவின் வால்வுக்குள் மட்டும் விடாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கிறது.