பார்த்தது எல்லாம் படித்தது ஆகிவிடாது

ஆன்லைன் வகுப்பு முடிந்து எழுந்துவரும் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் இன்று என்ன பாடம் என்று கேட்டால், பெரும்பாலும் தலைப்பு மட்டும்தான் வரும். அவர் ஏமாற்றவில்லை. நேரம் முழுக்கத் திரைக்கு முன்னால்தான் இருந்தார். ஆசிரியர் கணக்கைப் போடப் போட, அவருக்கும் புரிந்துகொண்டேதான் வந்தது. அடுத்தவர் போடும்போது புரிவதைத் தனக்கும் வரும் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

நேரடி வகுப்பில் இந்த மயக்கம் அதிக நேரம் நிற்காது. விழிக்கிற முகத்தைப் பார்த்ததுமே ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்துவிடுவார். திரையில் எல்லாரும் சின்னச் சின்னக் கட்டங்கள். பல கட்டங்களில் முகமே இல்லை. ஆகவே "இதை நானே போட்டால் வருமா?" என்ற கேள்வியை மாணவர் தானே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. எனவே வகுப்பு முடிந்த கையோடு ஒரு வெற்றுத்தாளை எடுத்து, நோட்டைத் திறக்காமல் ஐந்து நிமிடம் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் படிக்க வேண்டிய இடம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் போதும் என்பவர்களுக்கும் இதேதான் பதில்: அந்தப் படங்களைத் திரும்பத் திறந்தது எத்தனை முறை?

அடுத்தது, "ரெக்கார்டிங் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்". நாளுக்கு 40 நிமிடத்தில் ஐந்து வகுப்புகள் என்றால் 200 நிமிடம். மூன்று நாள் தள்ளிப்போட்டால் பத்து மணி நேரம் சேர்ந்துவிடும். அதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் தாங்காது. தவிர, மறதி காத்திருப்பதில்லை. கற்றதில் பெரும்பகுதி தொடக்க மணி நேரங்களிலேயே வேகமாக நழுவுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார். ரெக்கார்டிங்கின் சரியான பயன் வேறு. வகுப்பின்போது குழம்பிய இடத்தில் நோட்டின் ஓரமாக நேரத்தைக் குறித்துக்கொண்டால், பிறகு அந்த மூன்று நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். எங்கேயும் நிறுத்தாமல் பார்ப்பதைத்தான் சொல்வேன்.

பிரவுசரின் பக்கத்து டேப்பில் அரட்டை, காதில் பாடம் என்று இரண்டையும் சமாளிப்பதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். மூளை இரண்டையும் சேர்த்துச் செய்வதில்லை, மாறி மாறித் தாவுகிறது. வரலாற்று வகுப்பில் ஒரு வரி விட்டுப்போனாலும் ஒப்பேற்றிவிடலாம். இயற்கணிதத்தில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த பத்து வரியும் வெறும் கிறுக்கல்தான். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும், கவிழ்த்துவைப்பது போதாது.

சந்தேகம் கேட்பதில் கூச்சம் இங்கே கூடுதல். மைக்கைத் திறந்தால் மொத்த வகுப்பும் தன்னையே கவனிப்பதுபோல் இருக்கும். ஆசிரியருக்கு மட்டும் தனியே எழுதும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் "புரியவில்லை" என்று மட்டும் எழுதினால் அவருக்கும் ஒன்றும் புரியாது. "மூன்றாவது வரியில் குறி ஏன் மாறியது?" என்று கேளுங்கள்; அரை நிமிடத்தில் பதில் வரும்.

நாள் முழுக்கத் தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். கேமரா ஓடட்டும், உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் இருப்பதை 20 விநாடி பாருங்கள். படுக்கையில் சாய்ந்துகொண்டு வகுப்பைக் கேட்பதைப் பற்றி எழுதவே வேண்டாம், பாதியில் தூங்கியவர்களுக்கே தெரியும்.

பெற்றோர் பங்குக்கும் ஒரு தவறு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து விடையை மெல்லச் சொல்லிக்கொடுப்பது. மைக் திறந்திருந்தால் ஆசிரியருக்கு அதுவும் கேட்கும்.