கடற்கரையில் ஒற்றை ஆள்: நீர்வண்ணத்தில் வரையும் முறை

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808-1810இல் வரைந்த ‘கடலோரத் துறவி’யைப் பாருங்கள். 171.5 செ.மீ. அகல ஓவியத் துணியில் முக்கால் பங்குக்கு மேல் வானம். கீழே சின்னஞ்சிறு துறவி. முதலில் கப்பல்களும் இருந்தன, ஃப்ரீட்ரிக்கே பிறகு நீக்கிவிட்டார். அது எண்ணெய் வண்ணம். அதே அமைப்பை ஏ4 தாளில் நீர்வண்ணத்தில் செய்யலாம்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), முடிந்தால் முழுப் பருத்தி. மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கும். 12, 4ஆம் எண் உருண்டைத் தூரிகைகள். அல்ட்ராமரைன் (அடர் நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) போதும். கறுப்பு வாங்காதீர்கள், முதல் இரண்டையும் குழைத்தால் அதைவிட உயிருள்ள சாம்பல் கிடைக்கும்.

1. தாளைப் படுக்கைவாட்டில் ஒட்டி, கீழிருந்து 6 செ.மீ.யில் அடிவானக் கோடு. நாமும் அதே மணலில் நிற்பதாகக் கொண்டால், ஆள் எவ்வளவு தள்ளி நின்றாலும் தலை அந்தக் கோட்டை ஒட்டியே வரும். பாதம் 3 செ.மீ. உயரத்தில்.

2. வானத்தை நனைத்துச் சாம்பல் பூசுங்கள். மேலே அடர்த்தி, கீழே வெளிறல். காய்ந்ததும் கடல், பிறகு ஆக்கரில் மணல்.

3. இனி காத்திருங்கள். பலருக்கும் படம் கெடுவது இங்கேதான். பளபளப்பு போனாலும் இழைகளுக்குள் ஈரம் இருக்கும். ஆளை வைத்தவுடன் தலை வானத்துக்குள் கசிந்து பூக்கோசு மாதிரி விரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. ஹேர் டிரையர் பிடித்தால் தாள் ஆறிய பிறகே சோதியுங்கள், சூட்டில் ஈரம் தெரியாது.

4. ஆள் 3 செ.மீ. என்றால் தலை 4 மி.மீ.கூட இல்லை. பெரும்பாலோர் 6 மி.மீ. வைப்பார்கள், பெரியவர் குழந்தையாகிவிடுவார். ஒரு புள்ளி, மயிரிழை இடைவெளி, கீழே கேரட் வடிவில் உடல். ஒரு காலைச் சற்றுக் குட்டையாக விடுங்கள், நடப்பது போலிருக்கும். கண், மூக்கு வேண்டாம்.

5. பாதம் ஈரமாக இருக்கும்போதே நீர் தொட்ட தூரிகையால் நிழலை மணலில் இழுத்துவிடுங்கள். இல்லையேல் வெட்டி ஒட்டிய பொம்மைதான்.

பின்சேர்க்கை: தலை பெரிதாகிவிட்டால் தேய்க்காதீர்கள், இழை பிரிந்துவிடும். சுத்த நீரால் நனைத்து, டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, முழுக்கக் காய்ந்தபின் திரும்ப வையுங்கள். அல்ட்ராமரைன் ஓரளவு எழும்பி வரும்.