ஓரிணைய ஆல்கஹால்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆல்கஹாலின் பெயரில் கடைசியில் '1-ஆல்' வந்தால் ஓரிணையம் (primary), '2-ஆல்' வந்தால் ஈரிணையம் (secondary). இந்தக் குறுக்குவழியை நம்பித் தேர்வுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். புரோப்பனால், பியூட்டனால் வரைக்கும் கைகொடுக்கும். வளையஹெக்சனால் வந்ததும் கவிழ்த்துவிடும். அதில் ஹைட்ராக்சில் (OH) தொகுதி இருப்பது முதல் கார்பனில்தான். ஆனால் அந்தக் கார்பனுக்கு இரண்டு பக்கமும் கார்பன்கள், ஆகவே அது ஈரிணையம். அதே கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியையும் மாட்டிவிட்டால் மூவிணையம். எண் மட்டும் 1-லேயே நிற்கும்.

ஹைட்ராக்சில் தொகுதியைத் தாங்கும் கார்பனோடு நேரடியாக எத்தனை கார்பன்கள் சேர்ந்திருக்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். ஒன்று என்றால் ஓரிணையம், இரண்டு என்றால் ஈரிணையம், மூன்று என்றால் மூவிணையம். ஒன்றுகூட இல்லாத மெத்தனாலையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள். கிளை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்: நியோபென்டைல் ஆல்கஹாலில் எக்கச்சக்கக் கிளை, ஆனால் எல்லாம் பக்கத்துக் கார்பனில், ஆகவே அது ஓரிணையமே. கிளிசரால் எந்த வகை என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஓரிணையத் தொகுதிகள் இரண்டு, ஈரிணையத் தொகுதி ஒன்று. இந்தக் கணக்கை அப்படியே அமீனுக்குக் கொண்டுபோவது இன்னொரு சறுக்கல். அமீனில் எண்ண வேண்டியது நைட்ரஜனோடு சேர்ந்த கார்பன்களை.

சரி, இதையெல்லாம் ஏன் எண்ண வேண்டும்? ஓரிணையக் கார்பனில் குறைந்தது இரண்டு ஹைட்ரஜன்கள் மிச்சம் இருக்கும். ஆக்சிஜனேற்றத்தில் முதல் படியில் ஆல்டிஹைடு, அடுத்த படியில் கார்பாக்சிலிக் அமிலம் என்று போக முடிவது அதனால்தான். ஈரிணையம் கீட்டோனோடு நின்றுவிடும். மூவிணையம் சாதாரண நிலையில் அசையவே அசையாது.

ஆய்வகத்தில் அதிகம் தவறுவது இந்த இரண்டாவது படியில்தான். எத்தனாலை அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டோடு மீள்கொதிக்க (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி) வைத்துவிட்டு, விடைத்தாளில் எத்தனால் இருந்த இடத்தில் எத்தனேல் என்ற ஆல்டிஹைடை எழுதி முடித்துவிடுவார்கள். குடுவையில் இருப்பதோ எத்தனாயிக் அமிலம். ஆல்டிஹைடுதான் வேண்டும் என்றால் அது உருவாக உருவாக வடித்து வெளியே எடுக்க வேண்டும். எத்தனேல் சுமார் 20 டிகிரி செல்சியஸிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பதால் இது சாத்தியமாகிறது. இல்லையென்றால் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் பிரிடினியம் குளோரோகுரோமேட் என்ற ஆக்சிஜனேற்றியைப் பயன்படுத்தலாம். அங்கே தண்ணீர் எட்டிப்பார்க்கக் கூடாது. நீர் இருந்தால் ஆல்டிஹைடு அதோடு சேர்ந்து ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் கொண்ட சேர்மமாகும். ஆக்சிஜனேற்றி அதையும் ஒரு ஆல்கஹாலாகவே பார்த்து அமிலம் வரை இழுத்துப்போகும்.

டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் பச்சையானதும் 'ஓரிணையம்' என்று எழுதுவதும் அவசரம்தான். ஈரிணையமும் அதே பச்சையைத் தரும். லூகாஸ் சோதனையில் (துத்தநாகக் குளோரைடும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் கலங்குகிறதா என்று பார்ப்பது) அறை வெப்பநிலையில் கலங்காமல் இருப்பது ஓரிணையத்தின் அடையாளம் என்பது பொதுவாகச் சரி. பென்சைல் ஆல்கஹாலும் அல்லைல் ஆல்கஹாலும் மட்டும் ஓரிணையமாக இருந்தும் சட்டென்று கலங்கிவிடும், அவற்றின் கார்பன் நேர்மின் அயனி உடனிசைவால், அதாவது மின்சுமை பல அணுக்களில் பரவுவதால், நிலைப்படுவதால்.

உடலுக்குள்ளும் இதே பாதைதான், குடுவைக்குப் பதில் நொதிகள். கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்கும் (எத்தனேலுக்கு இன்னொரு பெயர்). ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் அதை அசிட்டேட் ஆக்கும். வைட்டமின் ஏ-யும் ஓர் ஓரிணைய ஆல்கஹாலே. ரெட்டினால் ரெட்டினேல் ஆகிப் பார்வைக்கு உதவுகிறது, தேவைப்பட்டால் திரும்பவும் ரெட்டினால் ஆகும். ரெட்டினாயிக் அமிலமாகிவிட்டால் திரும்ப வழியில்லை.

மருத்துவத்தில் இதே விஷயத்தில் தவறினால் போவது உயிர். மெத்தனால் குடித்தவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார், லேசான போதை மட்டும் தெரியும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. மெத்தனாலைவிட அது ஃபார்மால்டிஹைடு வழியாக ஃபார்மிக் அமிலமாக மாறுவதுதான் ஆளைக் கொல்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துப் பார்வை பனிமூட்டம் போல மங்கும், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும், மூச்சு வேகமெடுக்கும். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இது இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் நொதி முதலில் எத்தனாலைத்தான் கவனிக்கும். சந்தேகம் வந்த உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அங்கே கொடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த முதல் நொதியை, அதாவது ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸை, மறித்து அமிலம் உருவாகாமல் தடுக்கிறது. வாகனங்களின் குளிரூட்டும் திரவத்தில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலைக் குடித்தவருக்கும் இதே மருந்து. அதன் இரண்டு ஹைட்ராக்சிலும் ஓரிணையம்தான், கடைசியில் ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும்.

அப்படியானால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கும் ஃபோமெபிசோல் கொடுக்கலாமா? கூடாது. அது ஈரிணையம், அசிட்டோன் ஆகும், அமிலம் ஆகாது. நொதியை மறித்தால், ஆளை மயக்கத்தில் தள்ளுகிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே உடலில் கூடுதல் நேரம் தங்கும்.

கிருமிநாசினியில் செறிவு கூடக் கூட நல்லது என்று நினைப்பதும் பிசகு. புரதம் சிதைய நீரும் வேண்டும். 60 முதல் 80 சதவீத எத்தனால் கலவை, தூய எத்தனாலைவிட நன்றாக வேலை செய்யும். பாக்டீரிய வித்துகளை அது கொல்லாது. சருமக் களிம்பின் உறையில் சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்ததும் தோல் வறண்டுவிடும் என்று ஓடவும் வேண்டாம். அது 16 கார்பன் கொண்ட மெழுகு போன்ற பொருள், தோலை மென்மையாக்கத்தான் சேர்க்கிறார்கள்.

ஊசி மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் பென்சைல் ஆல்கஹால் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தொந்தரவு தராது. பச்சிளம் குழந்தை, அதிலும் குறைமாதக் குழந்தை என்றால் கதை வேறு. அது பென்சாயிக் அமிலமாகும், அதை வெளியேற்ற அந்தக் கல்லீரல் இன்னும் தயாராகியிருக்காது. 1982-ல் மூச்சுத்திணறலோடு குழந்தைகள் இறந்த செய்திகள் வெளிவந்த பிறகுதான் இதைத் தவிர்க்கத் தொடங்கினார்கள்.

இதே ஆக்சிஜனேற்றம் சில நேரம் நமக்குச் சாதகமாகவும் அமையும். ஒவ்வாமைக்குத் தரும் ஹைட்ராக்சிசினில் ஓர் ஓரிணைய ஆல்கஹால் தொகுதி உண்டு. உடல் அதை அமிலமாக்கினால் கிடைப்பது செட்ரிசின். மின்சுமை ஏறிய அந்த மூலக்கூறு மூளைக்குள் குறைவாகவே நுழைவதால் தூக்கம் குறைவு. ஆகவே ஹைட்ராக்சிசின் எடுத்துக்கொண்டிருப்பவர் கூடவே செட்ரிசினையும் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. அது ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்வதுதான்.