டிராயிங் தொலைந்த பின்: சிஎன்சி புரோகிராமிலிருந்து உருவத்தை மீட்பது எப்படி?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சிஎன்சி (கணினி கட்டளைப்படி ஓடும்) லேத்தில் ஜாப் ஒர்க் எடுக்கிற எங்கள் ஷாப்புக்கு டேனரி (தோல் பதனிடும் ஆலை) மெஷின் வேலைதான் அதிகம். உடைந்துபோன 'பின்' (உருளை வடிவத் துண்டு) ஒன்றை மேசையில் வைத்து, "முன்னாடி நீங்கதான் செஞ்சு குடுத்தீங்க, இதே மாதிரி நாலு வேணும்" என்பார்கள். டிராயிங் அவர்களிடமும் இருக்காது, நம்மிடமும் இருக்காது. பழைய புரோகிராம் மட்டும் மெமரி கார்டில் கிடக்கும்.

அதையே ஓட்டிவிட்டால் என்ன? அதே மெஷினும் அதே டூலும் இருந்தால் ஓட்டலாம். இல்லையென்றால் டிராயிங்கைத் திரும்ப வரைந்துதான் ஆக வேண்டும். ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் போதும்.

படி 1: ரஃப் கட்டைத் தாண்டிப் போங்கள்

ஜி71 (முதலில் தோராயமாக வெட்டி எடுக்கும் ரஃப் கட் கட்டளை) என்று ஒரு வரி வரும். அதில் பி10 க்யூ20 என்று இருந்தால், என்10 முதல் என்20 வரை உள்ள வரிகள்தான் பொருளின் உண்மையான விளிம்பு. அதே வரியில் உள்ள யு0.4, ஃபினிஷிங்குக்காக விட்டுவைத்த மிச்சம். உருவத்தில் அதற்கு வேலை இல்லை. நம் பின்னுக்கு வந்த வரிகள் இவை (திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும்):

என்10 ஜி00 எக்ஸ்15.8
ஜி01 இசட்0 எஃப்0.15
எக்ஸ்19.8 இசட்-2.
இசட்-25.
எக்ஸ்26.
ஜி03 எக்ஸ்30. இசட்-27. ஆர்2.
ஜி01 இசட்-50.
எக்ஸ்40. இசட்-60.
இசட்-75.
என்20 எக்ஸ்52.

படி 2: புள்ளி வையுங்கள்

இசட் என்பது நீளம். பொதுவாக முன்முகம் பூஜ்யம், சக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடி) பக்கம் மைனஸ். லேத்தில் எக்ஸ் பெரும்பாலும் டயா (விட்டம்), ஆரம் அல்ல. நான் முதன்முதலில் வரைந்தபோது எக்ஸை ஆரமாக எடுத்துக்கொண்டேன். தாளைப் பார்த்த சீனியர் அண்ணன், "இன்னாப்பா, பின் கேட்டா ரோலர் பண்ணிக்கினு இருக்க?" என்றார். எக்ஸைப் பாதியாக்கிவிட்டுப் புள்ளி வையுங்கள்.

ஒரு வரியில் எக்ஸ் இல்லையென்றால் முந்தைய எக்ஸ் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். ஜி01-உம் அப்படித்தான், வேறு ஜி வரும்வரை அதுதான் நடப்பில் இருக்கும்.

படி 3: கோடு இழுங்கள்

ஜி01 நேர்கோடு. மூன்றாவது வரியில் டயா 4 கூடுகிறது, அதாவது ஒரு பக்கம் 2, நீளமும் 2. ஆக, 2 மி.மீ. 45 டிகிரி சேம்பர் (முனையில் சீவிய சரிவு). இசட்-50-லிருந்து -60 வரை டேப்பர் (கூம்புச் சரிவு): ஒரு பக்கம் 5 ஏறுகிறது, நீளம் 10. மையக்கோட்டிலிருந்து சுமார் 26.57 டிகிரி.

வெளிப்பக்க டர்னிங்கில் முகத்திலிருந்து சக் நோக்கிப் போகும்போது ஜி03 மூலையை வெளியே உருட்டும், ஜி02 உள்ளே குழிக்கும். இங்கே டயா 30-இன் முனையில் ஆர்2 உருட்டல்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புரோகிராமில் ஜி42 (டூல் முனையின் வளைவை மெஷினே ஈடுகட்டச் சொல்லும் கட்டளை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதியுள்ள அளவே டிராயிங் அளவு. நம் பின்னில் இருந்தது. இல்லையென்றால், எழுதியவர் இன்சர்ட்டின் (டூலில் பொருத்தும் வெட்டு முனை) நோஸ் ரேடியஸை, அதாவது முனை வளைவின் ஆரத்தை, கையாலேயே கணக்குப் பண்ணியிருக்கலாம். 0.8 இன்சர்ட்டுக்கு ஆர்2.8 என்று இருந்தால் டிராயிங்கில் ஆர்2 என்றே இருந்திருக்கும். உள்குழிவு என்றால் கணக்கு தலைகீழ்: அதே ஆர்2, 1.2 என்று வரும். புரோகிராமில் 2.8, 1.2 மாதிரி எண்களைக் கண்டால் எனக்கு முதலில் டூல் மேல்தான் சந்தேகம் வரும்.

படி 4: மரையைக் கண்டுபிடியுங்கள்

19.8 என்ற டயாவை யாரும் டிராயிங்கில் எழுதமாட்டார்கள். கீழே ஜி76-இன் (மரை வெட்டும் கட்டளை) இரண்டாவது வரியைப் பாருங்கள்:

ஜி76 எக்ஸ்16.93 இசட்-20. பி1534 க்யூ300 எஃப்2.5

எஃப்2.5 பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்). எக்ஸ் மரையின் அடி டயா. பி1534 ஒரு பக்க ஆழம், மைக்ரானில், அதாவது 1.534 மி.மீ. 16.93 உடன் இரண்டு மடங்கு ஆழத்தைக் கூட்டினால் 19.998. ஆக எம்20, பிட்ச் 2.5, மரை நீளம் 20. அந்த 19.8, மரை போடுவதற்காகக் கொஞ்சம் குறைத்து ஓட்டிய அளவு.

படி 5: உருவமாக்குங்கள்

கிராஃப் தாளில் கிடைத்த பாதி விளிம்பை ஃப்ரீகேட் மாதிரி இலவச மென்பொருளில் வரைந்து, மையக்கோட்டைச் சுற்றிச் சுழற்றிவிட்டால் பின் தயார். கடைசி வரியின் எக்ஸ்52-ஐ மட்டும் வரைந்துவிடாதீர்கள். அது 50 டயா ராடை விட்டு டூல் வெளியே வரும் வழி.

அப்புறம் வெர்னியரை எடுத்து, உடைந்த துண்டில் தேயாத இடமாகப் பார்த்து ஒப்பிடுங்கள். புரோகிராமில் 30 என்று இருந்தாலும், உண்மையில் 29.97 வந்ததா என்பதை மெஷினின் ஆஃப்செட் பக்கம்தான் (டூலுக்கான திருத்த அளவுகளைப் போடும் திரை) முடிவு செய்திருக்கும். அந்த எண்கள் எப்போதோ அழிந்திருக்கும். ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குவது) செய்தார்களா என்பதும் புரோகிராமில் இருக்காது. அதனால் பின்னோடு அது உட்காருகிற புஷ்ஷையும் கழற்றி எடுத்துவரச் சொல்லுங்கள்.